மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது?

மாடித்தோட்டத்துத் தக்காளி பூவெடுத்துப் பிஞ்சு பிடிக்கும் நேரத்தில்தான் அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கும். உடனே கை உரப் பொட்டலத்தைத் தேடும். கொஞ்சம் பொறுக்கலாம். இலை மஞ்சளானது என்பதைவிட, எந்த இலை முதலில் மஞ்சளானது என்பதுதான் பெரிய துப்பு.

செடிக்குள் எல்லாச் சத்துகளும் ஒன்றுபோல நடமாடுவதில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் நான்கும் ஓரிடத்தில் தங்கிய பிறகும் கிளம்பிப் போகக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி மூத்த இலைகளிலிருந்து அவற்றை உருவி, கொழுந்துக்கும் பூவுக்கும் அனுப்பிவிடும். அடியிலை சீராக வெளுத்தால் தழைச்சத்தைச் சந்தேகிக்கலாம். நரம்புகள் பச்சையாக நிற்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். ஓரம் கருகினால் சாம்பல்சத்து.

இரும்பு அப்படியல்ல; போய்ச் சேர்ந்த இலையை விட்டு எளிதில் நகராது. அது குறையும்போது கீழே எல்லாம் பச்சையாக இருக்க, கொழுந்து மட்டும் வெளிறும். வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இருக்காது. காரத்தன்மை மிகுந்த போர்வெல் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் அந்த இரும்பு கரையாமல் கிடக்கும், வேரால் எடுக்க முடியாது. வெளிறிய செடிக்கு இரும்பு உப்பைக் கொடுத்தால் பச்சை திரும்பும் என்பதை 1840களிலேயே பிரான்சில் யூசேப் கிரி காட்டிவிட்டார். இத்தனைக்கும் பச்சைய மூலக்கூறில் இரும்பு கிடையாது. அதன் நடுவில் உட்கார்ந்திருப்பது மெக்னீசியம். பச்சையத்தை உருவாக்கும் வேலைக்குத்தான் இரும்பு தேவை.

ஆனால் பூக்கும் பருவத்து மஞ்சள் எல்லாமே பற்றாக்குறை அல்ல. இலையிலுள்ள நைட்ரஜனில், அதாவது தழைச்சத்தில், ஏறக்குறைய முக்கால் பங்கு பச்சையம் தங்கும் பசுங்கணிகங்களில், பெரும்பாலும் புரதமாக இருக்கிறது. விதை முற்ற அது வேண்டும். எனவே செடி அந்தப் புரதங்களைப் பிரித்தெடுக்கிறது. இதில் ஒரு சிக்கல்: புரதத்தோடு பச்சையமும் சேர்ந்தே இருக்கிறது. பிடியிலிருந்து விடுபட்ட பச்சையம் வெயில் பட்டால் ஆக்சிஜனை முறுக்கேற்றிச் செல்லையே பொசுக்கிவிடும். வீட்டை இடிக்குமுன் மின் இணைப்பைத் துண்டிப்பதுபோல, செடி பச்சையத்தை நிறமற்ற பொருளாக உடைத்துச் செல்லுக்குள் ஒதுக்கி வைக்கிறது. ஏற்கெனவே இலையில் இருந்த கரோட்டினாய்டு நிறமிகள் அப்போதுதான் மஞ்சளாக நம் கண்ணில் படுகின்றன.

எனக்கு இதில் பெரிய வியப்பு, பச்சையத்திலுள்ள நான்கு நைட்ரஜன் அணுக்களை மட்டும் செடி திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்பது. ஒவ்வொரு துளி நைட்ரஜனுக்கும் கணக்குப் பார்க்கும் செடி, இதை அப்படியே விட்டுவிடுகிறது. உடைந்த பச்சையம் எங்கே போகிறது என்பதே நெடுங்காலம் புதிராக இருந்தது. 1991இல் பெர்ன்ஹார்ட் கிராய்ட்லர், பிலிப் மட்டீல் குழுவினர் பார்லி இலையில் அந்த நிறமற்ற பொருளின் அமைப்பைக் கண்டறிந்த பிறகே விடை துலங்கியது.

ஆகவே காய்கள் பருத்துவரும்போது அடியில் நாலு இலை மெல்ல மஞ்சளாகி, கொழுந்து செழிப்பாகவே இருந்தால் விட்டுவிடலாம். காய் பிடிக்குமுன்பே மஞ்சள் வேகமாக மேலேறினால் உரம் கேட்கிறது என்று பொருள். கொழுந்து வெளிறினால் உரப் பொட்டலத்தை விட்டுத் தண்ணீரைச் சோதிப்பது நல்லது.

சில செடிகளுக்குப் பச்சையத்தை உடைக்கவே தெரியாது. மெண்டல் 1866இல் வெளியிட்ட ஆய்வில் மஞ்சள் பட்டாணியோடு ஒப்பிட்ட பச்சைப் பட்டாணி அத்தகையது. அதற்குக் காரணமான மரபணு 2007இல் பிடிபட்டது. அந்தச் செடியின் இலைகள் முதுமையிலும் பச்சையாகவே நிற்கும், ஆனால் அவற்றில் ஒளிச்சேர்க்கை மற்றச் செடிகளில் போலவே உரிய காலத்தில் ஓய்ந்துவிடுகிறது.