பயணப் பையில் அடங்கும் பெருந்திரை

கண்களை முழுவதுமாக மூடி, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படத்தைக் காட்டி ஆழத்தோற்றம் தரும் மெய்நிகர் ஹெட்செட், விளையாட்டுக் கருவியாகப் பரவலாகி, இன்று பணிநிமித்தம் பயணிப்போருக்குக் கணினித் திரையாகவும் பயன்படுகிறது. கொச்சியின் காக்கநாடு இன்ஃபோபார்க்கில் அலுவல் பார்க்க வந்து மட்டாஞ்சேரியின் பழைய வீடொன்றில் தங்கும் மென்பொருள் வல்லுநர், சிறு மேசையில் மடிக்கணினியை மட்டும் வைத்து, வைஃபை வழியே மூன்று அகன்ற திரைகளைத் தம்முன் விரித்துக்கொள்ள இக்கருவி வழிசெய்கிறது.

எனினும் எழுத்துத் தெளிவே இதன் முதன்மைச் சிக்கல். 24 அங்குல முழு எச்டி திரையை 60 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும்போது, பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 40 படப்புள்ளிகள் கிடைக்க, 2023இல் வெளியான மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட் ஏறத்தாழ 25 புள்ளிகளையே தருவதால், சிற்றெழுத்துகளின் விளிம்பு மங்குகிறது. அதன் 515 கிராம் எடை முகத்தை அழுத்துவதும், கொச்சியின் புழுக்கத்தில் நெற்றிப் பஞ்சு வியர்வையில் நனைவதும் நெடுநேர வேலைக்குத் தடைகளாகின்றன.

வைட்டிலாவுக்கும் காக்கநாட்டுக்கும் இடையே ஓடும் வாட்டர் மெட்ரோ படகில் பயன்படுத்தினாலோ, கருவியின் கேமரா அசையாத படகறையைக் காண, உள்ளிருக்கும் இயக்க உணரி படகின் திருப்பத்தையும் பதிவுசெய்வதால், மெய்நிகர்த் திரை விலகிச் செல்லக்கூடும். ஆகவே எழுத்துகளைப் பெரிதாக்கி, இடையிடையே கழற்றி, தங்குமிடத்தில் அமர்ந்து பயன்படுத்துவோருக்கே இக்கருவி உண்மையில் கைகொடுக்கும்.