ஓர் எழுத்துக் குறைந்தால்

பாரம்பரியம் என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் பெருமையோடுதான் வழங்குகிறோம். மூக்கும் முழியும் தாயைப் போல், குரல் தந்தையைப் போல் என்று தொட்டிலைச் சூழ்ந்து நின்று பேசி மகிழ்கிறோம். ஆனால் முன்னோர் விட்டுச் செல்லும் சொத்தில் கடனும் கலந்திருப்பதுண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடன் எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு கைமாறுகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

புனே நகரின் தென்பகுதியாகிய கோந்த்வாவில் ஒரு குடும்பம் வாழ்வதாக வைத்துக்கொள்வோம். அவ்வீட்டுப் பெண்மணிக்குப் பிரசவத்தில் இரத்தம் மிகுதியாகப் போய்விட்டது. அவருடைய இரத்தம் 'ஓ' வகை என்று சீட்டில் எழுதியிருக்கிறது. எளிதில் கிடைக்கக்கூடிய வகைதான். அதே வகையினரான பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் உடனே கையை நீட்டுகிறார். ஆனால், செலுத்துமுன் செய்யும் பொருத்தச் சோதனையில் அவருடைய இரத்த அணுக்கள் திரண்டு கட்டிக்கொள்கின்றன. வேறொருவர் இரத்தத்தைப் பார்த்தாலும் அதே கதை. 'ஓ' வகைக்கு 'ஓ' வகையே பகையாவது எப்படி?

இந்தப் புதிர் 1952-ஆம் ஆண்டிலேயே பம்பாயில் எழுந்தது. அந்நகரில் டாக்டர் பெண்டே, தேஷ்பாண்டே, பாட்டியா ஆகியோர், அதுவரை அறியப்பட்ட எவ்வகையிலும் அடங்காத இரத்தத்தைச் சிலரிடம் கண்டனர். லண்டனில் ரேஸ், சாங்கர், மார்கன், வாட்கின்ஸ் ஆகிய அறிஞர்களும் ஆய்வில் கலந்துகொண்டனர். முடிவு அவ்வாண்டே 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. 'பம்பாய் வகை' என்னும் பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

இதன் உட்பொருளை ஓர் உவமையால் விளக்கலாம். சுவரில் படம் மாட்ட வேண்டுமானால் முதலில் ஆணி அடிக்க வேண்டும். இரத்தச் சிவப்பணுவின் மேற்பரப்பில் 'எச்' என்னும் சர்க்கரைப் பொருள் அந்த ஆணியாக அமைகிறது. அதன்மேல் ஒருவகைப் படத்தை மாட்டினால் 'ஏ' வகை. மற்றொரு படத்தை மாட்டினால் 'பி' வகை. படமில்லாமல் ஆணி மட்டும் இருந்தால் 'ஓ' வகை. பம்பாய் வகையினரிடமோ ஆணியே இல்லை. ஆகவே 'ஏ', 'பி' படங்கள் கையிருப்பில் இருந்தாலும் மாட்ட இடமில்லை. மேலெழுந்தவாரியான சோதனையில் 'ஓ' போலத் தோன்றும். ஆனால் ஆணியைக் கண்டறியாத உடல், ஆணியையும் அந்நியமாகக் கருதி எதிர்க்கிறது. 'ஓ' வகை இரத்தம் ஏறினால் அதன் அணுக்கள் சிதைகின்றன. உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆணி ஏன் இல்லாமற் போயிற்று? இங்கேதான் 'ஜீன்' எனப்படும் மரபணுவின் கதை வருகிறது. நம் உடலின் அமைப்புக்குரிய கட்டளைகள் யாவும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளன. மும்மூன்று எழுத்து ஒரு சொல்லாகும். அச்சொற்களின் வரிசைப்படியே உடலின் புரதங்கள் உருவாகின்றன. "குயில் பாடும் மயில் ஆடும்" என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் மூன்றெழுத்து. முதலெழுத்தைப் பிழையாக எழுதினால் 'குயில்' 'துயில்' ஆகிவிடும். ஒரு சொல் மட்டும் கெடும். இது திரிபு. இனி, 'குயில்' என்பதன் கடைசி எழுத்தை விட்டுவிட்டு, மறுபடியும் மும்மூன்றாகப் படியுங்கள்: "குயிபா டும்ம யில்ஆ டும்". ஓர் எழுத்துத்தான் குறைந்தது. அதன் பின் வந்த அனைத்தும் பொருளற்றுப் போயின. 'பாடும்' என்னும் சொல்லை முழுவதுமாக நீக்கினாலோ, "குயில் மயில் ஆடும்" என்று ஓரளவு பொருள் எஞ்சுகிறது. எத்தனை எழுத்துப் போயிற்று என்பதைவிட, எவ்வாறு போயிற்று என்பதே சில சமயம் முக்கியமாகிறது.

'ஓ' வகை இரத்தமே பெரும்பாலும் இத்தகைய ஓரெழுத்துக் குறைவினால் விளைந்தது என்று 1990-இல் தெரியவந்தது. படம் மாட்டும் ஜீனில் ஓர் எழுத்து விடுபட, எஞ்சிய வாசகம் குலைந்துவிட்டது. அதனால் ஒரு தீங்கும் இல்லை. கோடிக்கணக்கானோர் நலமாக வாழ்கின்றனர். ஆகவே குறைவெல்லாம் நோயன்று.

பம்பாய் வகையில் இருவேறு மாற்றங்கள் சேர்ந்திருப்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1997-இல் விளக்கினர். ஆணியடிக்கும் ஜீனில் ஓரெழுத்து மாறியதால், லியூசின் என்னும் பொருள் அமைய வேண்டிய இடத்தில் ஆர்ஜினின் அமைந்து, அந்த நொதி செயலற்றுப் போயிற்று. அதே வேலையை உமிழ்நீர் முதலியவற்றிற்காகச் செய்யும் அண்டை ஜீன், ஏறத்தாழ 10,000 எழுத்துகளோடு அடியோடு காணாமற் போயிருந்தது. இரண்டும் 19-ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து இருப்பதால், ஒன்றாகவே தலைமுறை கடந்து வருகின்றன.

இந்த ஜீன் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நம்மிடம் இரு பிரதிகள் உள்ளது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலை செய்யும், ஆணி அடிபடும். இரண்டும் பழுதானால்தான் குறை வெளிப்படும். பழுதான ஒரு பிரதியைத் தாயும் தந்தையும் அறியாமல் சுமந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவில் மணம் நிகழும்போது, ஒரே பாட்டனாரின் பழுது இருவழியாகவும் வந்து கூடுதல் எளிது. குடும்பத்தில் ஒரு குறை அறியப்பட்டிருப்பின், முன்கூட்டியே மரபியல் ஆலோசனை பெறுவது நலம்.

பழுது விழும் இடத்தைப் பொறுத்தே துன்பத்தின் அளவும் அமைகிறது. டுஷேன் என்னும் தசைநலிவு நோய் இதற்குச் சான்று. டிஸ்ட்ரோஃபின் ஜீன் ஏறத்தாழ 22 லட்சம் எழுத்துகள் கொண்ட பெருநூல். இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம், அந்நூலில் சில பகுதிகள் உதிர்ந்துபோவதே. உதிர்வினால் மும்மூன்றெழுத்து வரிசை குலைந்தால், ஓடி விளையாட வேண்டிய சிறுவன் நடையிழக்கிறான். வரிசை குலையாமல் உதிர்ந்தால், பெக்கர் என்னும் மென்மையான வடிவம் பெரும்பாலும் தோன்றுகிறது. குயில் பாட்டில் நாம் கண்ட வேறுபாடே இது.

அறியாமையால் விளையும் துன்பம் இன்னொன்றும் உண்டு. தாயும் தந்தையும் 'ஓ' வகையெனச் சீட்டுகள் சொல்ல, குழந்தை 'பி' வகையாகப் பிறந்தால் ஊர் என்ன பேசும்? உண்மை வேறாக இருக்கலாம். தாய் பம்பாய் வகையினராயின், அவரிடம் மறைந்திருந்த 'பி' படம், தந்தை அளித்த ஆணியில் குழந்தையிடம் வெளிப்பட்டிருக்கலாம். டுஷேன் நோயிலும் தாயைப் பழிப்பது வழக்கம். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளிடம் அது புதிதாகத் தோன்றிய மாற்றமே. எவரும் தம் ஜீன்களைத் தேர்ந்து பெறுவதில்லை. தேர்ந்து கொடுப்பதும் இல்லை.

இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர் பம்பாய் வகையினர். அவ்வகையினர் தம் வகையை அறிந்து சீட்டில் குறித்து வைத்திருப்பதும், உடன்பிறந்தாரைச் சோதிப்பதும், திட்டமிட்ட சத்திர சிகிச்சைக்குமுன் தம் இரத்தத்தையே சேமிப்பதும் உயிர் காக்கும் முறைகள். தெரிந்த 'ஓ' வகை அணுக்களைக் கொண்டு இரத்த நீரைச் சோதித்தால், இவ்வகை வெளிப்பட்டுவிடும். நம் பெண்மணியைக் காத்ததும், செலுத்துமுன் செய்த அந்தப் பொருத்தச் சோதனையே.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை நம் அரசாங்கம் 2021-இல் வெளியிட்டது. 2022 முதல் அக்கொள்கையில் அடங்கிய நோய்களுக்கு, குறித்த சிறப்பு மையங்களின் வாயிலாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழியுண்டு. மும்பையின் கே.இ.எம். மருத்துவமனை அம்மையங்களுள் ஒன்று. எழுத்துப் பிழையைத் திருத்தும் கலை இப்போதுதான் கைகூடி வருகிறது. அது எல்லார்க்கும் எட்டும் வரை, பிழையை அறிந்து நடப்பதும், பிழையோடு பிறந்தவரைப் பழியாமல் இருப்பதும் நம் கையில் உள்ளன.