தடித்த கம்பியின் கணக்கு

செகண்ட் ஹேண்ட் பேஸ் கிட்டார் பார்க்கப் போகிறவர்கள் ட்யூனரையும் கேபிளையும் எடுத்துக்கொள்வார்கள். தையல்காரரின் இஞ்ச் டேப்பையும் பையில் போட்டுக்கொள்வது நல்லது. கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகள் பதிந்து செல்லும் சிறு பட்டை இருக்கிறதே, நட், அங்கிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 34 அங்குலம் வந்தால் லாங் ஸ்கேல், 30 வந்தால் ஷார்ட் ஸ்கேல். விற்பவருக்கே பல சமயம் இது தெரியாது. அவர் பிராண்டைச் சொல்வார், பாலிஷைக் காட்டுவார், ஒரே கை வாசித்தது என்று சத்தியம் செய்வார். எந்தக் கம்பி வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த டேப்பில் இருக்கிறது.

ஏன் என்பதை 1636-இல் மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி கணக்காக எழுதிவைத்தார். கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். இழுவிசையும் எடையும் அப்படி நேராகப் போவதில்லை. அதிர்வெண்ணைப் பாதியாக்க இழுவிசையைக் கால்வாசியாக்க வேண்டும், அல்லது கம்பியின் எடையை நான்கு மடங்காக்க வேண்டும். சாதாரண கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு 82.4 முறை அதிர்கிறது. பேஸின் தாழ்ந்த கம்பிக்கு அதில் பாதி, 41.2. நீளத்தை மட்டும் நம்பினால் 65 செ.மீ. கம்பி 130 செ.மீ. ஆக வேண்டும், கை எட்டாது. இழுவிசையை மட்டும் குறைத்தால் கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் அடிக்கும்.

நின்றுகொண்டு வாசிக்கும் டபுள் பேஸ், ஒரு மீட்டரைத் தாண்டிய கம்பியோடு, நீளத்தின் பக்கம் சாய்ந்த கருவி. கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951-இல் ப்ரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது 34 அங்குலத்தில், அதாவது 86 செ.மீ.யில் நிறுத்தினார். (அவருக்கு முன்பே, 1930-களில், சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் ஃப்ரெட் வைத்த மின்சார பேஸ் செய்து விற்றார். அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.) நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, மீதியைக் கம்பியின் எடை சுமந்தது. கிட்டாரின் தடித்த கம்பியைவிட பேஸின் தடித்த கம்பி, ஒரே அளவு நீளத்துக்கு, ஏறக்குறைய ஐந்து மடங்கு கனம். இழுவிசையும் இரண்டு மடங்கு. ஒவ்வொரு கம்பியும் 16 முதல் 20 கிலோ வரை இழுக்கிறது. நான்கும் சேர்ந்தால், நன்கு வளர்ந்த ஓர் ஆள் அந்தக் கழுத்தில் இரவும் பகலும் தொங்குவது போல.

ஷார்ட் ஸ்கேலுக்கு வருவோம். இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே கம்பியை 30 அங்குலத்தில் மாட்டி அதே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை 22 சதவீதம் குறைந்துவிடும். விரலுக்கு இதமாக இருக்கும்; ஓங்கித் தட்டினால் கடகடக்கும். அதனால் குட்டைக் கழுத்துக்குச் சற்றுத் தடித்த செட் பொருந்தும். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய வயலின் வடிவ ஹோஃப்னர் இந்த வகைதான். 1972-இல் திருடுபோன அந்தக் கருவி அரை நூற்றாண்டு கழித்து அவர் கைக்குத் திரும்பிய செய்தி 2024-இல் வெளியானது. பழைய பேஸ் தேடி அலைகிறவர்களுக்கு அதைவிட நல்ல சேதி வேண்டுமா!

கம்பி செட்டின் பாக்கெட்டில் லாங், ஷார்ட் என்று அச்சிட்டிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தடித்த கம்பி தன் முனைக்கு அருகில் மெலிந்துபோகும். அந்த மெலிந்த பகுதிதான் கீயின் தண்டைச் சுற்ற வேண்டும். நீளமான கம்பியைக் குட்டைக் கழுத்தில் மாட்டினால் தடித்த பகுதி தண்டில் வளைந்து, மேல்சுற்று விரிந்துவிடும். குட்டைக் கம்பியை நீளக் கழுத்தில் மாட்டினாலோ மெலிந்த பகுதி நட்டுக்கு உள்ளேயே வந்து ஒலி கெடும். சில பேஸ்களில் கம்பி உடலின் பின்புறத்திலிருந்து நுழைந்து வரும். அங்கே இன்னும் கொஞ்சம் நீளம் தேவைப்படும்.

மேல்சுற்று என்றேன். பேஸ் கம்பி ஒற்றைக் கம்பி இல்லை. நடுவில் மெல்லிய எஃகு. அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய வேறு கம்பி, சில செட்களில் இரண்டு மூன்று அடுக்கு. முழுத் தடிமனுக்கும் ஒரே எஃகைப் போட்டால் என்ன என்று தோன்றலாம். தடிமன் இரட்டித்தால் எடை நான்கு மடங்கு ஏறும், விறைப்போ பதினாறு மடங்கு ஏறும். விறைத்த கம்பி இரும்புக் கழியின் குணத்துக்குப் போய்விடும். அதன் மேல் சுரங்கள் அடிச் சுரத்தின் சரியான மடங்குகளில் நிற்காமல் சற்று மேலே விலகி, ஒலி கலங்கிப்போகும். சுற்றிய கம்பி எடையைத் தருகிறது, விறைப்பை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் நரம்புக் கம்பிகளின்மேல் உலோகம் சுற்றத் தொடங்கிய ஐரோப்பியக் கைவினைஞர்கள் கண்டுபிடித்த உபாயம் இது.

மேல் சுரங்கள் பேஸுக்கு உயிர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பேஸ் என்றாலே அடி ஒலிதானே? பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கர் 41 அதிர்வை எழுப்பவே எழுப்பாது. இருந்தும் இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸைத் தமிழ்நாடு அந்த ரேடியோவில்தான் கேட்டது. ஸ்பீக்கர் தந்தது 82, 124, 165 என்று போகும் மேல் சுரங்களை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அடி எது என்று மூளை தானே ஊகித்து, இல்லாத 41-ஐக் கேட்டுக்கொள்கிறது. இன்றைய செல்போனிலும் இதுவே நடக்கிறது. மேல் சுரங்கள் செத்த கம்பியை வாசித்தால், பெரிய ஆம்பில் ஏதோ உறுமும். போனில் பேஸ் காணாமல் போகும்.

சாகடிப்பது நம் விரல்தான். வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, தோல் துகள் எல்லாம் சுற்றின் இடுக்குகளில் இறங்குகின்றன. சுற்றுகள் ஒன்றோடொன்று உரசும்போது அதிர்வின் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. வேகமாக அதிரும் மேல் சுரங்கள் நொடிக்கு அதிக முறை இந்த வரியைக் கட்டுவதால் அவை முதலில் அடங்குகின்றன. அழுக்கு ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் படிந்தால் கம்பியின் எடையே சீர்கெட்டு, சுருதியும் ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் விலகும். கடலோர ஊர்களில் துருவும் சேரும். கம்பியைக் கழற்றித் தண்ணீரில் கொதிக்கவைக்கும் பழக்கம் வாசிப்பவர்களிடம் உண்டு. பிசுக்கு கரைந்து கொஞ்ச காலத்துக்குப் பளிச்சென்று ஒலிக்கும். பேஸ் செட்டின் விலை கிட்டார் செட்டைப் போல் பல மடங்கு என்பதால் இதைக் கஞ்சத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

இந்த அழுக்கையே தன் ஒலியாக்கிக்கொண்டவர் டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சன். 1960-களில் மோடவுன் நிறுவனத்தின் வெற்றிப் பாடல்களில் ஏராளமானவற்றுக்கு அவர் 1962 ப்ரிசிஷன் பேஸில் ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்தார். கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். அவர் போட்டது தடித்த ஃப்ளாட்வவுண்ட்: மேல்சுற்றாக நாடா போன்ற தட்டைக் கம்பி, விரலுக்கு வழவழப்பு, ஒலி மெத்தென்று உருண்டு நிற்கும். எதிர்முனையில் இங்கிலாந்தின் தி ஹூ குழுவில் ஜான் என்ட்விசில். பியானோவின் தாழ்ந்த கட்டைகளைப் போல் பேஸ் கணீரென்று ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். 1966-இல் ரோட்டோசவுண்ட் கம்பிகளைச் செய்த ஜேம்ஸ் ஹவ்வுடன் சேர்ந்து அவர் தேறவைத்ததுதான் இன்று கடைகளில் அதிகம் விற்கும் ரவுண்ட்வவுண்ட், உருண்டைக் கம்பி சுற்றிய வகை. பளபளக்கும் ஒலி, விரல் நகர்ந்தால் கீச்சென்ற சத்தம், ஃப்ரெட்டை அரமாய் அராவும், எஃகுச் சுற்றானால் நிக்கலைவிட வேகமாக. ஃப்ரெட்டைப் பிடுங்கிய பேஸில் ரவுண்ட்வவுண்ட் போட்ட ஜாகோ பாஸ்டோரியஸ், மரம் தேயாமலிருக்க விரற்பலகைக்குப் படகுக்கு அடிக்கும் எபாக்சியைப் பூசினார்.

எனவே பழைய பேஸைப் பார்க்கும்போது ஃப்ரெட்டின் முதுகைத் தடவிப் பாருங்கள். கம்பிக்கு நேர் கீழே பள்ளம் விழுந்திருந்தால் முன்னவர் ரவுண்ட்வவுண்டில் வாழ்ந்தவர். பள்ளம் லேசானதாக இருந்தால், இனி மாட்டப்போகும் செட்டுக்கு என் ஓட்டு ஃப்ளாட்வவுண்டுக்கு. ஆழமானால் ஃப்ரெட் வேலைக்கான கூலியை விலையில் கழியுங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒருசேர அமுக்கி, நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு போதும். கூடுதலானாலும் குறைந்தாலும் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் திருகு உதவாது, எழுந்து வந்துவிடுங்கள். ஒலி மந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எழ வேண்டாம். அது கம்பியின் மந்தமாக இருக்கலாம், அதைச் சொல்லி விலையும் பேசலாம்.

புது செட்டுக்கு நடுத்தரமான 45–105 பொதுவாகச் சரிவரும். எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் பங்குகள். காந்த பிக்-அப்புக்கு இரும்பு வகை உலோகம் வேண்டும். வெண்கலம் சுற்றிய அகூஸ்டிக் கம்பி மங்கலாகவே கேட்கும். மாட்டும்போது முனையை முதலில் செங்குத்தாக மடக்கி, அதன் பிறகு வெட்டுங்கள். நேராக இருக்கும்போதே வெட்டினால் உள்கம்பியிலிருந்து மேல்சுற்று தளர்ந்துபோகும். தடிமனை மாற்றியிருந்தால் கழுத்தின் மேல் பாரமும் மாறியிருக்கும். ஒருநாள் விட்டு இடைவெளியை மீண்டும் பார்த்து, ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல் சரிசெய்து, கடைசியாகப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி பாருங்கள். ஃப்ரெட்டில் அமுக்கிய சுரம், அதே இடத்தில் லேசாகத் தொட்டெழுப்பிய சுரத்தைவிட ஏறி நின்றால் பிரிட்ஜின் சேடலைப் பின்னுக்கு நகர்த்துங்கள். இறங்கி நின்றால் முன்னுக்கு.