ஷூவாகப் போன பாலாறு

ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். இது நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். ஆம்பூர், வேலூர்ப் பக்கம் இன்று குடிக்கும் தண்ணீர் கேனில் வருகிறது, அல்லது மேட்டூரிலிருந்து குழாய் வழியே காவிரியாக வருகிறது. பாலாற்றங்கரை ஊர்களுக்கு ஏன் இந்தக் கதி?

நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாற்றில் வருடத்தின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடும். ஊற்றுக்கால் வெட்டி அந்த நீரை வயலுக்குத் திருப்பினார்கள் விவசாயிகள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளும், அதாவது தோல் பதனிடும் ஆலைகளும், அதே நீரை எடுத்துத்தான் வளர்ந்தன.

வெள்ளைக்காரர் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். பாதி பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியே லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸுக்கும் இந்தத் தோல் பயன்பட்டது. 1970-களில் நம் அரசு பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் ஷூவையும் ஊக்குவித்தது. வேலையும் அந்நியச் செலாவணியும் வந்தன. பட்டை வாரக்கணக்கில் செய்ததைக் குரோமியம் ஓரிரு நாளில் முடித்துக் கொடுத்ததால், தோலோடு சேர்ந்து கழிவும் பெருகியது.

குரோமியம் கொடியதுதான். ராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவே ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். ஆனால் கிணற்றைக் கெடுத்ததில் உப்புக்குப் பெரும் பங்கு. உரித்த தோல் அழுகாமலிருக்க உப்பைத் தடவி அனுப்புவார்கள். தோல் ஷாப்பில் முதல் வேலை அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது. அந்த உப்பில் பெரும்பகுதி கழிவுநீரில் இறங்கும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைப் பிரிக்கலாம், குரோமியத்தையும் பிரிக்கலாம். டீயில் கரைந்த சர்க்கரை வடிகட்டியில் நிற்குமா? உப்பும் அப்படித்தான். எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கும் இயந்திரம் என்று செலவு பிடிக்கும் ஏற்பாடு வேண்டும். அந்தச் செலவைத் தவிர்த்த காலமெல்லாம் உப்பு நிலத்தடி நீரில் சேர்ந்தது.

இந்த மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாவதும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதும் அதில் பதிவாயின. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று இந்தத் தீர்ப்பு அறிவித்தது. பின்பு அமைந்த ஆணையம் 2001-ல் 186 கிராமங்களில் 29,193 குடும்பங்களுக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், குடும்பத்துக்குச் சுமார் ஒன்பதாயிரம்! பாழான கிணற்றுக்கும் நிலத்துக்கும் அதுதான் விலை. 2025 ஜனவரியிலும் இழப்பீட்டைக் கொடுங்கள், ஆற்றை மீட்டெடுங்கள் என்று அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

தோல் தொழிலை மூடச் சொல்லவில்லை. பல்லாயிரம் வீடுகளில், அதிலும் பெண்களின் கூலியில், அடுப்பு எரிவது அதனால்தான். ஆனால் ஷூவின் விலையில் தண்ணீரின் விலையும் சேர வேண்டும். அதைக் கட்ட வேண்டியவர்கள் ஆலை முதலாளிகளும் வெளிநாட்டு பிராண்டுகளும். இதுவரை கட்டியவர் பாலாற்று விவசாயி. அந்தக் கணக்கை இனியாவது நேர் செய்ய வேண்டும்.