கடலடியில் உடல் உரைக்கும் செய்தி

அந்தமானின் சுவராஜ் தீவு, இலட்சத்தீவு, கோவா முதலிய இடங்களுக்குச் சுற்றுலா செல்வோர் பலர், இன்று முதுகில் காற்றுக்கலன் சுமந்து கடலுக்குள் இறங்குகின்றனர். 'ஸ்கூபா' எனப்படும் இம்முக்குளிப்பு, பவளப்பாறைகளையும் வண்ண மீன்களையும் அருகிருந்து காணும் வாய்ப்பை அளிக்கிறது. ஆயினும், நீருக்கடியில் நம் உடல் வேறொரு சூழலுக்கு உட்படுகிறது. அதனை அறிந்து இறங்குவதே அறிவுடைமை.

அழுத்தமும் செவியும்

கடல்மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் செயற்படுகிறது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ அதே அளவு அழுத்தம் கூடுகிறது. எனவே, 20 மீட்டர் ஆழத்தில் அது மும்மடங்காகிறது. இம்மாற்றத்தை முதலில் உணர்வது செவியே. செவி அடைப்பதுபோல் தோன்றியவுடன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதுதல் வேண்டும். வலி நீங்காவிடில் சற்று மேலேறி மீண்டும் முயலலாம். அப்போதும் நீங்காவிடில் அன்றைய முக்குளிப்பைக் கைவிடுவதே நன்று. சளி பிடித்திருக்கும் நாளில் இறங்கலாகாது.

மூச்சை அடக்கலாமா?

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் மூச்சை அடக்கியே மூழ்கினர். அவர்கள் நீருக்குமேல் இழுத்த காற்று, ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவையே அடைந்தது. ஸ்கூபா முறையில் மூழ்குபவரோ, அழுத்தம் மிகுந்த காற்றை ஆழத்திலேயே சுவாசிக்கிறார். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேற்பரப்பில் இருமடங்காக விரியும். மூச்சை அடக்கியபடி மேலேறினால் நுரையீரல் கிழியக்கூடும். முத்துக்குளிப்பவருக்குத் துணைநின்ற பழக்கம், இவருக்குக் கேடாய் முடியும்.

குமிழிகளால் வரும் நோய்

ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன், குருதியிலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலேறினால், மூடி திறந்த சோடாப் புட்டியில் நுரை எழுவதுபோல அது குமிழிகளாக வெளிப்படும். இதுவே அழுத்தக்குறைவு நோய். ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஹால்டேன், படிப்படியாக மேலேறும் முறையை 1908இல் வெளியிட்டார். இன்று, நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கி வருமாறு பயிற்சியாளர்கள் அறிவுறுத்துகின்றனர்.

மருத்துவரை நாடவேண்டிய நேரம்

மூட்டுவலி, தோலில் அரிப்பு, மிகுந்த சோர்வு, தலைச்சுற்றல், உடல் மரத்துப்போதல் ஆகியன இந்நோயின் அறிகுறிகள். இவை பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் தோன்றும். "படகில் வந்த களைப்பு", "கலன் சுமந்த வலி" எனப் பலர் இவற்றைப் புறக்கணிக்கின்றனர். பிறர் நகைப்பரோ என மறைப்பாரும் உளர். இத்தகைய காலத்தாழ்வு நிலையான ஊனத்திற்கும் வழிவகுக்கலாம். ஆதலின், முக்குளித்ததைக் கூறி அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் குருதி, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் சிறிதும் காத்திராமல் 112 எண்ணை அழைத்து உதவி பெறுக. பாதிக்கப்பட்டவரைப் படுக்கவைத்து, தூய ஆக்சிஜன் அளிக்கச் செய்க. அதனால் துன்பம் தணிந்தாலும் மருத்துவ ஆய்வு தேவையே. உயர் அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை அளிப்பதே இந்நோய்க்குரிய மருத்துவம். குணப்படுத்தும் எண்ணத்தோடு அவரை மீண்டும் நீரில் இறக்குதல் கூடவே கூடாது.

நலமாக உள்ளோரும், ஒருமுறை மூழ்கியபின் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியபின் 18 மணி நேரமுமாவது விமானப் பயணத்தைத் தவிர்த்தல் வேண்டும். உடல் உரைப்பதை உடனே பயிற்சியாளரிடம் கூறுவது கோழைமை அன்று. அதுவே கடலறிந்தோர் பண்பு.

பயிற்சி

1. முத்துக்குளிப்பவரும் ஸ்கூபா முறையில் மூழ்குபவரும் சுவாசிக்கும் முறை எவ்வாறு வேறுபடுகிறது?
2. விரைந்து மேலேறுவதால் உடலில் நிகழ்வது யாது?
3. மூழ்கித் திரும்பிய உம் நண்பர், "கால் மரத்துள்ளது, உறங்கினால் சரியாகும்" என்கிறார். அவருக்கு நீர் கூறும் அறிவுரையை ஐந்து தொடர்களில் எழுதுக.