மொட்டை மாடி டைல்ஸ் ஏன் தூக்குகிறது? 2.8 மில்லிமீட்டர் கணக்கு

போன வருஷம் சித்திரையில் ஒரு மதியம், மொட்டை மாடியில் 'டமார்' என்று சத்தம். ஏறிப் பார்த்தால், நடுவில் இரண்டு போர்சலைன் டைல்ஸ் கூடாரம் மாதிரி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. பதித்து மூன்று வருஷம்தான். பார்க்க வந்த மேஸ்திரி, "டைல்ஸ் சரியில்ல சார், வேற மாத்திடலாம்" என்றார். ஒரு கீறல்கூட இல்லாத டைல் மேல் எப்படிப் பழி போடுவது? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

போர்சலைன் ஒரு டிகிரி சூடேறினால், மீட்டருக்குச் சுமார் 0.007 மி.மீ. நீளும். மாடி நீளம் 10 மீட்டர், விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2.8 மி.மீ. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் கீழே இருக்கும் கான்கிரீட் மெதுவாகத்தான் சூடாகும். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் வரை இடைவெளியே விடாமல் பதித்திருந்தால், அந்த நீளம் எங்கே போகும்? மேலேதான். அது முழுக்க இரண்டு 60 செ.மீ. டைல்ஸ் சேரும் இடத்தில் வெளிப்பட்டால், பிதாகரஸ் கணக்குப்படி அவை 4 செ.மீ. உயரம் எழும்பும்!

இரண்டாவது காரணம் ஒட்டு. பழைய தட்டோடு தண்ணீரை உறிஞ்சும். சிமெண்ட் பால் அதன் துளைகளுக்குள் போய் இறுகிப் பிடித்துக்கொள்ளும். போர்சலைன் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. கறை பிடிக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம், சிமெண்ட் பிடிக்காமல் போவதற்கும் இதுதான் காரணம். அதனால் பாலிமர் கலந்த டைல் பசைதான் வேண்டும். மூட்டையில் 'சி2' என்றால் பிடிப்பு அதிகம், 'எஸ்1' என்றால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வெளியிடத்துக்கு இரண்டும் சேர்ந்தது நல்லது.

தூக்கின இரண்டை மட்டும் திரும்ப ஒட்டினால் அடுத்த கோடையில் பக்கத்து டைல் தூக்கும். நாங்கள் செய்தது இது:

1. எல்லா டைல்ஸையும் ஒரு குச்சியால் தட்டி, 'டொக் டொக்' என்று வெற்றாகச் சத்தம் வந்தவற்றில் சாக்பீஸ் குறி.

2. முதலில் சுற்றியுள்ள கிரவுட்டை வெட்டி, பிறகே டைலை நெம்புவது. இல்லாவிட்டால் பக்கத்து டைலின் விளிம்பு பெயரும்.

3. பழைய சிமெண்டைக் கொத்தி எடுத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைச் சரிபார்த்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதனை.

4. டைலின் முதுகில் இருக்கும் வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் துடைப்பது. பசையைப் பல் கரண்டியால் தரையிலும், மெல்லிசாக டைலின் முதுகிலும் தடவுவது. ஐந்து உருண்டை வைத்து அமுக்கினால் நடுவில் வெற்றிடம். மழைத்தண்ணீர் அங்கே தங்கி, நாளடைவில் கூரைக் கம்பி துருப்பிடிக்கும்.

5. டைலுக்கு டைல் 3 மி.மீ. இடைவெளி. சுவரோரமும், நடுவில் மூன்று மீட்டருக்கு ஒரு கோடும் சுமார் 8 மி.மீ. இடைவெளி விட்டு, சிமெண்ட் கிரவுட்டுக்குப் பதில் ரப்பர் போல அமுங்கும் பாலியூரித்தேன் சீலன்ட்.

"இவ்ளோ கேப் விட்டா பார்க்க நல்லா இருக்காது சார்" என்றார் மேஸ்திரி. உண்மைதான், கோடு தெரிகிறது. ஆனால் இந்தச் சித்திரையில் சத்தம் இல்லை. உங்கள் வீட்டில் பதிக்கும்போது டைல் விலை பேசுவதோடு நிறுத்தாதீர்கள். சுவரோரம் எவ்வளவு இடம் விடுவீர்கள் என்றும் கேளுங்கள்.