போர்ட் வெல்ட்: மலாயாவின் முதல் கம்பிச் சடக்கு



எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைத் தைப்பிங்கிற்கு அப்பால் கோலா செபெத்தாங் என்னும் மீனவர் ஊருக்கு ஒரு முறை அழைத்துச் சென்றேன். கடைகளுக்கு நடுவே ஒரு பழைய பெயர்ப்பலகை நிற்கிறது. அதன் அருகில், பயணச்சீட்டு விற்ற சின்னஞ்சிறு அறை ஒன்று. பலகையில் 'போர்ட் வெல்ட்' என்ற பெயர் நான்கு வகை எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது: ஆங்கிலம், மலாய்மொழியின் ஜாவி, சீனம், தமிழ். பையன்களுள் ஒருவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சார், இங்க தண்டவாளமே இல்லையே! எதுக்கு ஸ்டேசன் போர்டு? அதுல எதுக்குத் தமிழ்?" என்று கேட்டான்.

இரண்டும் நல்ல கேள்விகள். இன்று அந்த இரண்டுக்கும் விடை சொல்ல முயல்கிறேன்.

மலாயாவில் முதன்முதலாகப் புகைவண்டி ஓடியது இந்த ஊருக்குத்தான். 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள், தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே பாதை திறக்கப்பட்டது. நீளம் 8 மைல், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அன்று கோலாலம்பூருக்கு ரயில் கிடையாது. அடுத்த ஆண்டு, 1886-இல்தான், கிள்ளான் ஆற்றங்கரையிலிருந்து அங்கே பாதை வந்தது. நம் ஈப்போவுக்கோ இன்னும் பத்தாண்டுகள் ஆயின.

எட்டே மைலுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். காரணம் ஈயம். தைப்பிங்கைச் சூழ்ந்த லாரூட் பகுதி ஈயம் விளைந்த பூமி. அதற்காகச் சீனச் சுரங்கக் கூட்டங்கள் ஆண்டுக்கணக்கில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அந்தச் சண்டையைச் சாக்கிட்டு 1874-ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாகி, பேராக்கில் வெள்ளைக்கார ஆட்சி காலூன்றியது. சண்டை ஓய்ந்ததும் ஈயத்தைப் பினாங்குக்கு அனுப்பும் கவலை வந்தது. பினாங்கு கடலுக்கு அப்பால். மாட்டுவண்டியிலும் யானை முதுகிலும் ஏற்றி, சேறு குழம்பிய சடக்கில் ஆற்றுத் துறைக்குக் கொண்டுபோக வேண்டும். மழை பிடித்தால் வண்டி அச்சுவரை புதையும். ஈயத்தின் கனம் எவ்வளவு என்பது தூக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஆகவே கம்பிச் சடக்குப் போட முடிவாயிற்று. சுரங்கத்திலிருந்து மிக அருகில் கடல் தண்ணீர் எங்கே என்று பார்த்தார்கள். சபெத்தாங் என்ற சிற்றூர் கண்ணில் பட்டது. அப்போது நீரிணைக் குடியேற்ற நாடுகளின் கவர்னராக இருந்தவர் சர் பிரெடரிக் வெல்ட். அவருடைய பெயரைத் துறைமுகத்துக்குச் சூட்டி, போர்ட் வெல்ட் என்றார்கள். பிற்காலத்தில்தான் ஊர் தன் பழைய பெயரை மீட்டுக்கொண்டு கோலா செபெத்தாங் ஆயிற்று.

இனி, பாதையைப் போட்டவர்கள் யார்? இதுதான் நாம் நின்று கேட்க வேண்டிய இடம். இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட 'சிலோன் பயனியர் கோர்' என்ற தொழிலாளர் படையின் இரண்டு பிரிவுகள் இந்த வேலையைச் செய்தன. இலங்கையில் சாலையும் பாலமும் அமைப்பதற்காக வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த படை அது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து சேர்க்கப்பட்ட தமிழர்கள் அதில் மிகுதி. துப்பாக்கி பிடித்த படை என்று நினைத்துவிடாதீர்கள். மண்வெட்டி பிடித்த படை.

கடலோரச் சதுப்பில் ரயில்பாதை போடுவது எளிதன்று. நாம் தோட்டத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டுகிறோமே, அதேபோல முதலில் காட்டை வெட்டி இருபுறமும் வாய்க்கால் தோண்டி நீரை வடிக்க வேண்டும். தோண்டிய மண்ணை நடுவில் கொட்டிக் கரை எழுப்ப வேண்டும். கரை அமிழும், மறுபடி கொட்ட வேண்டும். அது இறுகிய பிறகே கல் பரப்பி, சிலிப்பர் கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் தண்டவாளத்தை ஆணியடித்து இறுக்கலாம். இவ்வளவும் முழங்கால் சேற்றில். கொசு வேறு. மலேரியாக் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்தது 1897-ஆம் ஆண்டு. அதற்கு முன் காய்ச்சல் வந்தால் கெட்ட காற்று என்றுதான் சொன்னார்கள். போர்ட் வெல்ட் பாதையில் வேலை செய்தவர்களுக்குக் கொசுவலை கட்டிப் படுக்க வேண்டும் என்று சொல்லித் தர அன்று எந்த டாக்டருக்கும் தெரியாது.

பாதை திறந்த நாளில் பெரிய துரைமார்கள் வந்திருப்பார்கள். கவர்னருக்குப் பெயர் கிடைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் பேசிய மொழி மட்டும் பலகையில் இருக்கிறது. மாணவனின் இரண்டாவது கேள்விக்கு இது பாதி விடை.

மற்றப் பாதி விடை, ரயிலில் உத்தியோகம் பார்த்தவர்களைப் பற்றியது. இலங்கையில் 1860-களிலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற தமிழ் இளைஞர்கள் பலர் இருந்தார்கள். மலாயா ரயில்வேக்குக் கணக்கரும் தந்தி அடிப்பவரும் ஸ்டேசன் மாஸ்டரும் தேவைப்பட்டபோது அவர்களையே கொண்டுவந்தார்கள். ஒருகாலத்தில் ஸ்டேசன் மாஸ்டர் என்றாலே யாழ்ப்பாணத்தார்தான் என்று ஆகிவிட்டது. பச்சைக் கொடி காட்டியவரும் தமிழர். தண்டவாளத்தில் சுத்தியல் அடித்தவரும் தமிழர். ஆனால் ஒரே மொழி பேசினாலும் இருவரும் ஒரே திண்ணையில் உட்காரவில்லை. ஒருவருக்குத் தொப்பியும் குவார்ட்டர்சும், மற்றவருக்குக் கேங் லயமும். தோட்டத்தில் கிராணிக்கும் நமக்கும் இருந்த தூரம்தான் அங்கேயும். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

முதல் கேள்விக்கு வருகிறேன். தண்டவாளம் எங்கே போயிற்று?

அயிரை மீனின் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு முதுகெலும்பு; அதிலிருந்து பக்கவாட்டில் சிறு முட்கள். மலாயா ரயில்வேயில் சிறு முட்கள் முதலில் வந்தன, முதுகெலும்பு பிறகு வந்தது. ஈயம் எடுத்த ஒவ்வோர் ஊரும் தனக்கு அருகிலுள்ள துறைக்குத் தனிப் பாதை போட்டுக்கொண்டது. தைப்பிங்கிற்குப் போர்ட் வெல்ட். சிரம்பானுக்குப் போர்ட் டிக்சன். நம் கிந்தாப் பள்ளத்தாக்குக்கு, இன்று தெலுக் இந்தான் எனப்படும் தெலுக் அன்சன். அங்கிருந்து தாப்பா ரோடு வரை 1893-இலும் ஈப்போ வரை 1895-இலும் பாதை வந்தது. (அந்தத் தெலுக் அன்சன் பாதையில்தான் 1894 செப்டம்பர் 17-ஆம் நாள் ஒரு காட்டு யானை தன் கூட்டத்தைக் காக்க ரயிலை எதிர்த்து மோதி, வண்டியைத் தடம் புரட்டிவிட்டுத் தானும் மாண்டது. அதற்கு நினைவுப் பலகை வைத்தார்கள். யானைக்கு வைத்தார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.)

பிறகு இந்தத் துண்டுகளை இணைக்கத் தொடங்கினார்கள். பேராக் ஆறு குறுக்கே கிடந்தது. கோலகங்சார் அருகே காராயில் செங்கல் தூண்கள் எழுப்பி இரும்புப் பாலம் கட்டி, 1900-ஆம் ஆண்டு சுல்தான் இட்ரிஸ் திறந்து வைத்தார். விக்டோரியா பாலம் என்று பெயர். இன்றும் நிற்கிறது, ரயில் மட்டும் அதன்மேல் போவதில்லை. 1903-ஆம் ஆண்டுக்குள் பினாங்குக்கு எதிர்க்கரையான பிறையிலிருந்து சிரம்பான் வரை ஒரே பாதையாகிவிட்டது.

முதுகெலும்பு வந்ததும் போர்ட் வெல்டின் தலையெழுத்து மாறியது. அதன் ஆற்றுமுகம் ஆழமில்லாதது. சேறு வந்து படிந்துகொண்டே இருக்கும். பெரிய கப்பல் நெருங்காது. பிறையிலோ சரக்கை நேரே பினாங்குத் துறைமுகத்தின் வாசலில் இறக்கலாம். வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பான்? ஈயம் பிறைக்குப் போயிற்று. நம்மவர்கள் பால் வெட்டிய கித்தாவும் பின்னர் அவ்வழியே போயிற்று. போர்ட் வெல்டுக்கு மீனும் கரியும் பயணிகளும் மிஞ்சினர். பிற்பாடு லாரியும் பஸ்ஸும் அவற்றையும் எடுத்துக்கொண்டன. வண்டி நின்றது, தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். மூத்த பிள்ளைக்கு வீட்டில் இடமில்லாமற்போன கதை இது.

ஆனால் அந்த முதுகெலும்பில்தான் நம் குடும்பங்களின் கதை ஓடுகிறது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, அதிலும் பலர் 'ரஜுலா' என்ற கப்பலில் ஏறி, பினாங்கில் இறங்கினார்கள். ஜெரஜாக் தீவில் சில நாள் நோய்த்தடுப்பு முகாம். அங்கிருந்து பிறைக்குக் கொண்டுவந்து ரயிலில் ஏற்றினார்கள். கங்காணி பெயர் கூப்பிட, இறங்கிய ஸ்டேசனே நம் பாட்டன்மாருக்கு மலாயாவின் முதல் முகவரி. உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். "எங்கப்பா இன்ன ஸ்டேசன்ல இறங்கினாரு" என்று தோட்டத்தின் பெயருக்கு முன்னால் ஸ்டேசன் பெயரைச் சொல்வார்.

அதே பாதை 1942-இலும் 1943-இலும் வேறு வேலைக்குப் பயன்பட்டது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட, ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவரைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே கொண்டுபோனார்கள். இலங்கைப் படை மலாயாவில் மண் சுமந்து அறுபதாண்டுகூட ஆகவில்லை. அதற்குள் தமிழன் கையில் மறுபடி மண்வெட்டி, மறுபடி சிலிப்பர் கட்டை, மறுபடி காய்ச்சல். போனவர்களில் பெரும் பங்கினர் திரும்பவில்லை. எங்கள் தோட்டத்திலும் 'சயாமுக்குப் போனவர்' என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடும் குடும்பங்கள் உண்டு.

போர்ட் வெல்ட் பாதையின் மண்கரை போய்விட்டாலும் அதன் அளவு ஒன்று இன்னும் வாழ்கிறது. 1885-இல் இரு தண்டவாளங்களுக்கும் இடையே விட்ட அகலம் ஒரு மீட்டர். இன்று ஈப்போவிலிருந்து மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறதே மின்ரயில், அதுவும் அதே ஒரு மீட்டர் அகலத்தில்தான் ஓடுகிறது. புகை மட்டும் இல்லை. நாம்தான் இன்னும் புகைவண்டி என்கிறோம்.

போய்ப் பார்க்க விரும்புவோர் அந்த மின்ரயிலில் தைப்பிங்கில் இறங்கலாம். பழைய நிலையக் கட்டடத்தைப் புதிய நிலையத்தின் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். 1885-இல் இருந்த முதல் நிலையம் அதுவன்று. அது கிங் எட்வர்ட் பள்ளி இருக்கும் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து மாத்தாங் வழியாகச் சாலை கோலா செபெத்தாங் போகிறது. வழியில் பாக்காவ் மரத்தைச் சுட்டுக் கரியாக்கும் சூளைகளையும் காணலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஊருக்குள் போய் யாரைக் கேட்டாலும் பலகையைக் காட்டுவார்கள். எங்கள் மாணவர்கள் அதன் முன்னால் நின்று, ஒருவர் மாற்றி ஒருவர், அந்தத் தமிழ் எழுத்துகளை உரக்க வாசித்தார்கள். பக்கத்துக் காப்பிக் கடைச் சீனப் பெரியவர் எட்டிப் பார்த்து, தன் எழுத்து எது என்று விரலால் சுட்டிக் காட்டினார்.